அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சுகாதாரக் கல்வித் துறைகளில் பகுதிநேர ஆசிரியராகச் சேர்வது எப்படி: ஆவணங்கள், செலவுகள், காலக்கணக்கு

இந்தியாவிலோ இலங்கையிலோ மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம் என ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு, அமெரிக்காவுக்கு வந்த பிறகு பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, கவுண்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சுகாதாரத் துறையிலோ மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ பணியாற்றும் தமிழர்கள் பலருக்கு, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் மாலை நேரத்தில் ஒரு பாடம் நடத்த வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அட்ஜங்க்ட் என்றும், சில மாநிலங்களில் லெக்சரர் என்றும் அழைக்கப்படும் இந்த வேலை கிடைப்பது நினைக்கும் அளவுக்குக் கடினமில்லை. அதற்கு முன்பும் பின்பும் வரும் ஆவண வேலைதான் ஆளை அலைக்கழிக்கிறது. நான் அலைந்ததில் பெரும்பகுதி, எந்தத் தாளை எப்போது கையில் வைத்திருக்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். துறை உங்களைக் கூப்பிடும் நேரத்தில் அவகாசம் இருக்காது. ஆகவே கூப்பிடும் முன்பே கோப்பு முழுமையாக இருக்க வேண்டும், சம்மதம் சொல்லும் முன்பே கணக்கு முடிந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகவே.

1. உங்களை எதற்காக எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சுகாதாரக் கல்வித் துறைகள் பகுதிநேர ஆசிரியர்களை இரண்டு காரணங்களுக்காக எடுக்கின்றன. முதலாவது, செலவு: முழுநேரப் பேராசிரியர் ஒருவரை நியமிக்காமலே பொதுக்கல்விப் பாடங்களின் பிரிவுகளை நிரப்பிவிடலாம். இரண்டாவது, களத்தில் வேலை பார்ப்பவர் வகுப்பில் இருக்க வேண்டும் என்ற தேவை. பொதுச் சுகாதாரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கவுன்சில் ஆன் எஜுகேஷன் ஃபார் பப்ளிக் ஹெல்த் என்ற அமைப்பு, கல்விக்கூடத்துக்கு வெளியே தொழில் அனுபவம் உள்ளவர்களைக் கற்பித்தலில் எப்படிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று துறைகளிடம் கேட்கிறது. பகுதிநேர ஆசிரியர்கள் அந்த அமைப்பின் கணக்கில் முதன்மைக் கற்பித்தல் ஆசிரியர்களாக எண்ணப்படுவதில்லை என்றாலும், அவர்களுடைய தகுதிகளும் அங்கீகார அறிக்கையில் இடம்பெறுகின்றன.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். உங்கள் சுயவிவரத்தில் ஆய்வுக் கட்டுரைகளைவிட, நீங்கள் நடத்திய தடுப்பூசி முகாம், நீரிழிவுத் தடுப்புத் திட்டம், புகையிலை ஒழிப்புப் பணி, அவற்றை எந்த ஆண்டு, யாருக்காக, எவ்வளவு பேரிடம் கொண்டு சென்றீர்கள் என்ற விவரம் முன்னால் வர வேண்டும். நிறுவனத்தின் பெயர், பதவி, தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் தெளிவாக இருந்தால், அங்கீகார அறிக்கை எழுதும் துறைத்தலைவருக்கு வேலை குறையும். உங்கள் பெயர் அவர் நினைவில் நிற்கவும் செய்யும்.

பொதுவாகப் பகுதிநேர ஆசிரியர்களுக்கு வந்து சேரும் பாடங்கள்: தனிநபர் நலம், பொதுச் சுகாதார அறிமுகம், போதைப்பொருளும் சமூகமும், மனிதப் பாலியல், சமூகச் சுகாதாரம், திட்டமிடலும் மதிப்பீடும். பாலியல் பாடத்தை நம்மவர்கள் கூச்சத்தால் தட்டிக்கழிப்பதைப் பார்த்திருக்கிறேன். நடத்த முடியும் என்று சொல்பவர்கள் குறைவு என்பதாலேயே அந்தப் பாடம் ஒரு நல்ல நுழைவாயில். முதலுதவிப் பாடம் மட்டும் தனி வகை. அதற்கு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், அமெரிக்க இதயச் சங்கம் போன்ற அமைப்பின் பயிற்றுநர் சான்றிதழைக் கேட்பார்கள்.

2. வேலை செய்யும் அனுமதியை முதலில் சரிபாருங்கள்

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம். மற்றவர்கள் இதை முடிக்காமல் ஒரு விண்ணப்பத்தைக்கூட அனுப்ப வேண்டாம்.

எச்-1பி விசாவில் இருப்பவர், அந்த விசாவுக்கு மனுச் செய்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் எடுக்க வேண்டுமென்றால், பல்கலைக்கழகம் தன் பெயரில் ஐ-129 படிவம் வழியாக உடன்நிகழ் எச்-1பி மனு, அதாவது இருக்கும் வேலையோடு இரண்டாவது வேலைக்கான மனு, ஒன்றைத் தாக்கல் செய்ய வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு பொருந்தாது என்பது உண்மையே. ஆனால் ஒரேயொரு பாடத்துக்காக அந்தச் செலவையும் வழக்கறிஞர் வேலையையும் ஏற்கும் துறை மிக அரிது. ‘சம்பளம் வேண்டாம், சும்மா நடத்துகிறேன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம் எனச் சிலர் நினைக்கிறார்கள். வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை இலவசமாகச் செய்வதும் அனுமதியற்ற வேலையாகக் கருதப்படலாம். அந்த யோசனையைக் கைவிட்டுவிடுங்கள்.

எச்-1பி ஊழியரின் துணைவருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு, அந்தக் கணவரின் அல்லது மனைவியின் ஐ-140 மனு (கிரீன் கார்டுக்காக நிறுவனம் கொடுக்கும் மனு) ஏற்கப்பட்டிருந்து, ஐ-765 படிவம் வழியாக வேலை அனுமதி அட்டையும் பெற்றிருந்தால் தடையில்லை. இங்கே கவனிக்க வேண்டியது அட்டை காலாவதியாகும் தேதி. முன்பெல்லாம் புதுப்பிக்க மனுக் கொடுத்திருந்தாலே பழைய அட்டை தானாக நீளும். 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் புதுப்பிப்பு மனுக்களுக்கு அந்தத் தானியங்கி நீட்டிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. அட்டை செமஸ்டரின் நடுவில் காலாவதியானால், அன்றே உங்களை வகுப்பிலிருந்து நிறுத்துவதைத் தவிர மனிதவளப் பிரிவுக்கு வேறு வழியில்லை. 180 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க மனுச் செய்யலாம் என்பதால், அட்டையின் தேதியையும் கல்வி நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாணவர் விசாவில் படிப்பை முடித்து, துறைசார் வேலைப் பயிற்சிக்கு அனுமதிக்கும் ஓபிடி காலத்தில் இருப்பவர்கள், தங்கள் படிப்போடு தொடர்புடைய பகுதிநேர வேலையாக இதைச் செய்யலாம். ஆனால் வாரத்துக்கு 20 மணி நேரமாவது வேலை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒரு பாடம் மட்டும் நிறைவேற்றும் என்று நம்பிவிட வேண்டாம். நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

3. கல்விச் சான்றுகளைத் தயார்செய்யுங்கள்

அதிகக் காலம் பிடிப்பது இந்தப் படிதான். நான் அதிகம் எழுதப்போவதும் இதைப் பற்றித்தான்.

இளநிலை வகுப்புகளுக்குக் கற்பிக்க முதுகலைப் பட்டம் வேண்டும். அந்தப் பட்டம் கற்பிக்கும் துறையிலேயே இருக்க வேண்டும், அல்லது வேறு துறையில் இருந்தாலும் கற்பிக்கும் துறையில் குறைந்தது 18 முதுகலை கிரெடிட் (பாட அளவின் அலகு) மணி நேரம் படித்திருக்க வேண்டும். டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா, புளோரிடா உள்ளிட்ட தென் மாநிலங்களின் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் வழிகாட்டுதல் இது. பிற பகுதிகளிலும் பல துறைகள் இதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன. எம்பிபிஎஸ், பிடிஎஸ் பட்டங்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், அவற்றின் மதிப்பெண் பட்டியலில் ‘சுகாதாரக் கல்வி’, ‘சுகாதார நடத்தை’ என்ற தலைப்பில் முதுகலை கிரெடிட்டுகளைக் காட்ட முடியாது. டாக்டர் என்ற பட்டத்தைப் பார்த்துச் சலுகை தருவார்கள் என்று காத்திருப்பது வீண். அமெரிக்காவில் பெற்ற பொதுச் சுகாதார முதுகலைப் பட்டம் இருந்தால் அதையே முன்னிறுத்துங்கள்.

அப்படி இருந்தும், பெரும்பாலான மனிதவளப் பிரிவுகள் நீங்கள் பெற்ற எல்லாப் பட்டங்களுக்கும் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழகமே தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல், கேட்கும். அமெரிக்கப் பட்டத்துக்கு அது பத்துப் பதினைந்து டாலரில், ஓரிரு நாளில் மின்னணு வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். வெளிநாட்டுப் பட்டத்துக்குத்தான் இரண்டு அடுக்கு வேலை. முதலில், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையிலோ தன் இணையதளம் வழியாகவோ டிரான்ஸ்கிரிப்டை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். அடுத்து, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் நேசஸ் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள ஒரு நிறுவனம் அதை அமெரிக்கப் பட்டத்துக்கு ஈடாக மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். வெஸ், ஈசிஇ ஆகியவை நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துபவை. மதிப்பீட்டில் இரண்டு வகை உண்டு: பட்டத்தின் நிலையை மட்டும் சொல்வது ஒன்று, பாடவாரியாகக் கிரெடிட்டும் மதிப்பெண்ணும் சொல்வது இன்னொன்று. விலை குறைவு என்று முதல் வகையை வாங்கிவிட்டு, துறை பாடவாரி அறிக்கை கேட்டவுடன் மறுபடியும் பணம் கட்டியவர்கள் நிறைய உண்டு. நேரடியாகப் பாடவாரி அறிக்கையையே வாங்குங்கள். சுமார் 200 டாலரும் அஞ்சல் செலவும் ஆகும்.

தமிழ்நாட்டில் மருத்துவம் சார்ந்த படிப்பு படித்தவர்கள் டிரான்ஸ்கிரிப்டுக்குக் கல்லூரியை மட்டும் அணுகினால் போதாது. பட்டம் வழங்கியது பல்கலைக்கழகம் என்பதால், கல்லூரி முதல்வர் அலுவலகம் ஒரு கட்டம், பல்கலைக்கழகம் இன்னொரு கட்டம். நேரில் போய் நிற்க ஊரில் யாராவது இருந்தால், அதிகாரக் கடிதத்தையும் உங்கள் அடையாள அட்டை நகலையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது. முன்னதாக வந்தால் மகிழ்ச்சிதான்.

அடுத்த பொறி நம்முடைய பெயர். மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா சுப்பிரமணியன்’, திருமணத்துக்குப் பின் எடுத்த ஓட்டுநர் உரிமத்தில் ‘கவிதா ராஜேஷ்’ என்று மூன்று பெயர் இருந்தால், மதிப்பீட்டு நிறுவனமும் மனிதவளப் பிரிவும் மூன்று ஆட்களாகப் பார்க்கும். இன்னொரு சிக்கல், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ளவர்களுக்கு: விசாவில் அவர்களுடைய பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்ற மூன்றெழுத்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மூன்றெழுத்தே உங்கள் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியாகி, மாணவர்களின் கால அட்டவணையிலும் அச்சாகி வருவது வேடிக்கையான காட்சி. சம்பளப் பிரிவின் பதிவும் சமூகப் பாதுகாப்பு அட்டையும் பொருந்தாமல் போவது வேடிக்கையில்லை. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி கையெழுத்துடன் ஒருமுறை தயாரித்து, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் நகல்களோடு ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. ‘செஸ்’ சான்றிதழ் தேவையா என்று முடிவெடுங்கள்

சர்டிஃபைட் ஹெல்த் எஜுகேஷன் ஸ்பெஷலிஸ்ட் என்பதன் சுருக்கமே செஸ். சதுரங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேலை அறிவிப்புகளில் இது பெரும்பாலும் ‘விரும்பத்தக்கது’ என்றுதான் இருக்கும். கட்டாயம் என்பது குறைவு. ஆனாலும் வெளிநாட்டில் முதல் பட்டம் பெற்றவருக்கு இது உண்மையாகவே உதவுகிறது, ஏனென்றால் உங்கள் பட்டத்தின் பெயர் ‘சுகாதாரக் கல்வி’ என்று இல்லாவிட்டாலும் அந்தத் துறையின் திறன்கள் உங்களிடம் உண்டு என்பதை வெளியார் ஒருவர் உறுதிசெய்ததாக ஆகிறது.

சுகாதாரக் கல்வியை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டமோ, அல்லது சுகாதாரக் கல்வியாளரின் பணிக்கு வகுக்கப்பட்ட எட்டுப் பொறுப்புப் பகுதிகளைத் தொடும் பாடங்களில் 25 செமஸ்டர் மணி நேரமோ இருந்தால் தேர்வு எழுதலாம். தேர்வு ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கிறது; 165 வினாக்கள், மூன்று மணி நேரம். விண்ணப்பிக்கும் காலம் பல மாதங்களுக்கு முன்பே திறக்கும்; முன்கூட்டியே விண்ணப்பித்தால் கட்டணம் குறையும். எப்படியும் சில நூறு டாலர் ஆகும். தேறியபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 75 தொடர்கல்வி மணி நேரம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஒரு செமஸ்டர் மட்டும் கற்பித்துப் பார்க்க நினைப்பவருக்கு இந்தச் செலவு அவசியமில்லை என்பது என் கருத்து. இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர நினைப்பவர் எழுதிவிடலாம்.

5. நாட்காட்டியைப் பார்த்து விண்ணப்பியுங்கள்

இலையுதிர் செமஸ்டருக்கான பாட அட்டவணை பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள்ளும், வசந்த காலச் செமஸ்டருக்கானது செப்டம்பர், அக்டோபரிலும் பெரும்பாலும் முடிவாகிவிடும். அந்த வாரங்களில் துறைத்தலைவரின் மேசையில் உங்கள் சுயவிவரம் இருக்க வேண்டும். இரண்டாவது வாய்ப்பு ஆகஸ்ட் முதல் இரண்டு வாரங்களும் டிசம்பர் நடுப்பகுதியும்: யாராவது கடைசி நேரத்தில் விலகியிருப்பார்கள், துறை ஆள் தேடித் தவித்துக்கொண்டிருக்கும். கோப்பு முழுமையாக உள்ளவருக்கே அந்த இடம் போகும்.

பல்கலைக்கழக இணையதளங்களில் ‘பகுதிநேர ஆசிரியர் தொகுப்பு’ என்ற பெயரில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் அறிவிப்பு ஒன்று இருக்கும். அதில் விண்ணப்பிப்பது கட்டாயம். அதில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது மட்டும் பயன் தராது. அதே நாளில் துறைத்தலைவருக்குச் சுருக்கமான மின்னஞ்சல் ஒன்றை அனுப்புங்கள்: நடத்தக்கூடிய பாடங்களை அந்தப் பல்கலைக்கழகப் பாடப்பட்டியலின் எண்களோடு குறிப்பிடுங்கள், எந்த நாட்களில் எந்த நேரத்தில் வர முடியும் என்று சொல்லுங்கள், வேலை அனுமதி உண்டு என்பதை ஒரு வரியில் தெரிவியுங்கள். விண்ணப்பத்தோடு கேட்பவை அறிமுகக் கடிதம், சுயவிவரம், கற்பித்தல் குறித்த ஒரு பக்கக் குறிப்பு, டிரான்ஸ்கிரிப்ட் நகல், மூன்று பரிந்துரையாளர்களின் விவரம். பரிந்துரையாளர்களில் ஒருவராவது நீங்கள் பயிற்சி வகுப்போ கருத்தரங்கோ நடத்தியதை நேரில் பார்த்தவராக இருக்கட்டும்.

இணையவழி வகுப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல பல்கலைக்கழகங்கள், சம்பளவரி காரணங்களுக்காகக் குறிப்பிட்ட மாநிலங்களில் வசிப்பவர்களை மட்டுமே எடுக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போய் அங்கிருந்தே வகுப்பு நடத்திவிடலாம் என்று டிக்கெட் எடுக்கும் முன், நாட்டுக்கு வெளியிலிருந்து பணிசெய்ய அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும்.

6. கையெழுத்திடும் முன் கணக்குப் போடுங்கள்

சம்பளம் மாதத்துக்கு அல்ல, பாடத்துக்கு. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு நாடு தழுவிய சராசரி தோராயமாக 4,000 டாலர். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இது பெரிதும் வேறுபடும். முதல் முறை நடத்துபவருக்கு வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பு, ஒரு மணி நேர மாணவர் சந்திப்பு, தயாரிப்புக்கும் விடைத்தாள் திருத்தவும் எட்டு மணி நேரம் என்று வைத்தால், 15 வாரத்துக்கு 180 மணி நேரம். வகுப்பு தொடங்கும் முன் செய்யும் வேலைக்கு இன்னும் 20 மணி நேரம் சேர்த்தால் 200. மணிக்கு 20 டாலர், வரிக்கு முன். வாகன நிறுத்தக் கட்டணத்தையும் பெட்ரோலையும் இதிலிருந்துதான் கழிக்க வேண்டும். அதே பாடத்தை மூன்றாவது முறை நடத்தும்போது தயாரிப்பு பாதியாகக் குறையும் என்பதால், ஒவ்வொரு செமஸ்டரும் புதுப் பாடம் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் அழுத்தமான ஆலோசனை.

பிடித்தங்களில் சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் சேர்த்து 7.65 சதவீதம் போகும். சில மாநிலப் பல்கலைக்கழகங்களில் சமூகப் பாதுகாப்புக்குப் பதிலாக 7.5 சதவீதத்தை ஓர் ஓய்வூதியக் கணக்கில் சேர்ப்பார்கள். வேலையை விட்டபின் அந்தப் பணம் அங்கே கிடக்கிறது என்பதை மறந்துவிடுபவர்கள் உண்டு, குறித்து வையுங்கள்.

மருத்துவக் காப்பீடு கிடைக்குமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு வகுப்பு மணி நேரத்துக்கும் 2.25 மணி நேரம் வேலை என்று எண்ணிக்கொள்ள, வருமானவரித் துறை பல்கலைக்கழகங்களுக்கு வழி கொடுத்திருக்கிறது. மூன்று மணி நேரப் பாடம் ஒன்றுக்கு 6.75 மணி நேரம். மூன்று பாடத்துக்கு 20.25, நான்கு பாடத்துக்கு 27. இதற்கு மேல், கட்டாயச் சந்திப்பு நேரமும் கூட்டங்களும் தனியாகச் சேரும். வாரம் 30 மணி நேரத்தைத் தொட்டால் காப்பீடு தர வேண்டிய பொறுப்பு வரும் என்பதால்தான், பல துறைகள் ஒருவருக்கு மூன்று பாடத்துக்கு மேல் தர மறுக்கின்றன. உங்கள் திறமையில் குறை கண்டு அல்ல. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் நிலைமை வேறு: அங்கே ஆறு அலகு, அதாவது இரண்டு பாடம் நடத்தும் லெக்சரருக்கே காப்பீடு கிடைக்க வழி உண்டு. அதே மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு கல்லூரி மாவட்டத்துக்குள் முழுநேரச் சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் பகுதிநேர ஆசிரியருக்குத் தர முடியாது. அதனால்தான் பலர் இரண்டு மூன்று மாவட்டங்களுக்கு இடையே நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தியக் கல்விக்கடன் உள்ளவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தில், 2023 ஜூலை முதல், பகுதிநேர ஆசிரியரின் ஒவ்வொரு கிரெடிட் மணி நேரமும் குறைந்தது 3.35 மணி நேரமாக எண்ணப்படுகிறது. ஒன்பது கிரெடிட் நடத்தினால் 30 மணி நேரம் தாண்டிவிடும். அதாவது காப்பீட்டுக் கணக்கில் பகுதிநேரமாக இருப்பவர் கடன் தள்ளுபடிக் கணக்கில் முழுநேரமாகிவிடலாம்.

நியமனக் கடிதம் வந்ததும் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். முதல் சம்பளத் தேதி எது? நான் பணியாற்றிய ஓரிடத்தில், செமஸ்டர் பாதியை நெருங்கும்போதுதான் முதல் காசோலை வந்தது. குறைந்தது எத்தனை மாணவர்கள் சேர்ந்தால் வகுப்பு நடக்கும், ரத்தானால் தயாரிப்புக்கு ஏதாவது தருவார்களா? முழுநேரப் பேராசிரியர் ஒருவரின் வகுப்பு ரத்தாகி, அவர் உங்கள் வகுப்பை எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டா? அதிகபட்ச மாணவர் எண்ணிக்கை என்ன? தனிநபர் நலப் பாடத்தில் 60 பேர் இருப்பது சாதாரணம். 60 பேரின் நலத்திட்டக் கட்டுரையைத் திருத்துவதற்கும் 25 பேரின் கட்டுரையைத் திருத்துவதற்கும் ஒரே சம்பளம்தான். நீங்கள் உருவாக்கும் இணைய வகுப்புப் பொருட்கள் யாருக்குச் சொந்தம்? கடைசியாக, பணிக்குழுக் கூட்டங்களுக்கு வர வேண்டுமா, வந்தால் தனியாகத் தருவார்களா?

7. சேரும் வாரத்தில் கேட்கும் தாள்கள்

வேலை செய்யும் உரிமையை உறுதிசெய்யும் ஐ-9 படிவத்தின் முதல் பகுதியை வேலை தொடங்கும் நாளுக்குள் நீங்கள் நிரப்ப வேண்டும். அசல் ஆவணங்களை மூன்று வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும். நகல் செல்லாது. கிரீன் கார்டோ, வேலை அனுமதி அட்டையோ, அமெரிக்கப் பாஸ்போர்ட்டோ இருந்தால் அது ஒன்றே போதும். இல்லையேல் ஓட்டுநர் உரிமமும் வேலைக்கு நிபந்தனை விதிக்கும் வாசகம் அச்சிடப்படாத சமூகப் பாதுகாப்பு அட்டையும். டபிள்யூ-4 வரிப் படிவத்தில், முழுநேர வேலை ஒன்று ஏற்கெனவே உண்டு என்பதைக் குறிக்கத் தவறினால், அடுத்த ஏப்ரலில் வரிப் பாக்கி கட்ட நேரிடும்.

பின்னணிச் சோதனையும், சில இடங்களில் கைரேகைப் பதிவும் இருக்கும். கைரேகைச் செலவு உங்களுடையதா பல்கலைக்கழகத்துடையதா என்று கேளுங்கள். கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் காசநோய் ஆபத்து மதிப்பீடும் கேட்பார்கள். அந்தப் படிவத்தில் வெளிநாட்டில் பிறந்தவர் என்று குறித்தவுடன் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். குழந்தைப் பருவத்தில் பிசிஜி ஊசி போட்டுக்கொண்ட நமக்குக் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் தோல் பரிசோதனை, நோய்த்தொற்று இல்லாமலே வீங்கிக் காட்டக்கூடும். அதன்பின் எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று வாரங்கள் ஓடிவிடும். இக்ரா எனப்படும் ரத்தப் பரிசோதனையைப் பிசிஜி ஊசி பாதிப்பதில்லை. ஆரம்பத்திலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

இவற்றோடு மாணவர் தகவல் ரகசியம், பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, தகவல் பாதுகாப்பு ஆகியவை குறித்த இணையப் பயிற்சிகள் வரும். இவற்றுக்குச் செலவாகும் நேரத்துக்குப் பெரும்பாலும் தனிச் சம்பளம் இல்லை. ஆனால் சுகாதாரக் கல்வி ஆசிரியருக்கு இவை வெறும் சடங்கு அல்ல. வன்முறை, மனநலம், உடலுறவு பற்றி வகுப்பில் பேசும்போது, மாணவர் ஒருவர் தனக்கு நேர்ந்ததைக் கட்டுரையில் எழுதிவிடுவார். எதை யாரிடம் நீங்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு, சிலபஸிலும் அதை எழுதிவிட்டால், நம்பி எழுதிய மாணவருக்கு அதிர்ச்சி ஏற்படாது.

8. வகுப்புக்கு முந்தைய மாதம்

முந்தைய ஆசிரியரின் சிலபஸைத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். புதிதாக எழுதத் தேவையில்லை, எழுதவும் கூடாது. கற்றல் நோக்கங்கள் அங்கீகார அறிக்கையோடு இணைக்கப்பட்டவை. அவற்றை நீங்களாக மாற்றக் கூடாது. எந்தப் பணி எந்தத் திறனை அளக்கிறது என்று துறை ஏற்கெனவே குறித்திருந்தால், அந்தப் பணி அப்படியே இருக்க வேண்டும். உங்கள் சுதந்திரம் எடுத்துக்காட்டுகளிலும் நடத்தும் முறையிலும்தான், அது போதுமானது. தேவை மதிப்பீட்டைப் பாடப்புத்தகத்தின் வரைபடத்திலிருந்து விளக்குவதைவிட, நீங்களே வேலை பார்த்த கவுண்ட்டியின் தரவைத் திரையில் காட்டி, எந்தப் பகுதிக்கு முதலில் போவீர்கள் என்று கேட்டால், கடைசி வரிசை மாணவரும் நிமிர்ந்து உட்காருவார்.

கணினிக் கணக்கு, கேன்வாஸ் போன்ற கற்றல் தளத்தில் அனுமதி, நூலக அட்டை, வாகன அனுமதி ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கிடைக்கும். ஆளெண், அதாவது உங்கள் ஊழியர் எண், உருவாகாமல் எதுவும் நகராது. ஆகவே ஐ-9 வேலையை முடித்த அன்றே ஆளெண் எப்போது வரும் என்று கேளுங்கள். காணொளிகளுக்கு எழுத்துவரி இருக்கிறதா, வருடப்பட்ட பிடிஎஃப் கோப்புகளைத் திரைவாசிப்பான் படிக்குமா என்பதையும் இப்போதே சரிபாருங்கள். மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் சேர்ந்த பின் நள்ளிரவில் உட்கார்ந்து சரிசெய்வது பெரும் துன்பம்.

9. களப்பயிற்சி மேற்பார்வையை யோசித்து ஏற்றுக்கொள்ளுங்கள்

களத்தில் தொடர்புகள் உள்ளவர் என்பதால், இரண்டாவது செமஸ்டரிலேயே மாணவர்களின் களப்பயிற்சியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். இதற்குச் சம்பளம் பாடத்துக்கா, மாணவர் தலைக்கா என்று முதலில் கேளுங்கள். மாணவர் தலைக்கு என்றால் தொகை சிறியதாகவே இருக்கும், பயணமோ அதிகம். பல்கலைக்கழகத்துக்கும் பயிற்சி தரும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் மாணவர் ஒரு மணி நேரம்கூடக் கணக்கில் சேர்க்க முடியாது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் பார்க்க வேண்டியிருப்பதால் அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். உங்கள் சொந்த அலுவலகத்துக்கே மாணவரை எடுப்பதாக இருந்தால், மதிப்பெண் போடும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

10. செமஸ்டர் முடியும்போது

மதிப்பெண்களைப் பதிவேற்றும் கெடு, இறுதித் தேர்வு முடிந்து சில நாட்களே. தவறினால் மாணவர்களின் பட்டமளிப்பே தடைபடும். மாணவர் கருத்துப் படிவத்தின் முடிவுகள் வந்ததும் தரவிறக்கிச் சேமியுங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் தளத்துக்குள் நுழைய முடியாமல் போகலாம், அடுத்த பல்கலைக்கழகம் முதலில் கேட்பதோ அதைத்தான். சிலபஸ், வினாத்தாள், மாணவர் பெயர் நீக்கிய மாதிரிப் பணிகள் ஆகியவற்றையும் உங்கள் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவே உங்கள் ஒரே வருமானமாக இருந்தால், செமஸ்டர்களுக்கு இடையில் வேலையின்மை உதவித்தொகை கிடைக்குமா என்று மாநில அலுவலகத்தில் விசாரியுங்கள். அடுத்த செமஸ்டரில் வேலை உண்டு என்ற ‘நியாயமான உறுதி’ இருந்தால் உதவித்தொகை மறுக்கப்படும்; ஆனால் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே வகுப்பு என்று கடிதத்தில் எழுதியிருந்தால் அதை உறுதியாகக் கொள்ள முடியாது என்று கலிபோர்னியாவில் 1989-இல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. மற்ற மாநிலங்களில் விதி மாறும். விண்ணப்பத்தோடு நியமனக் கடிதத்தின் அந்த வரியைக் கோடிட்டு இணையுங்கள். கடிதத்தின் அசலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.